யேசுரத்தினம் வளர்த்த மஞ்சக்கரை

யேசுரத்தினத்துக்குச் சும்மா இருக்கத் தெரியாது. அறுபத்தேழு வயதாகியும் அது அவருக்குப் பழகவில்லை. காலை நாலரைக்கு எழும்புவார். ஐந்தேகாலுக்குள் முகச்சவரம், ஜெபம், தேத்தண்ணி எல்லாம் முடிந்துவிடும். அதற்குப் பிறகு ஒரு பகல் முழுக்க அவர் முன்னால் மிச்சம் கிடக்கும். ஜன்னலைத் திறப்பார், மூடுவார். மாடிப்படி இறங்கிக் கேட்டின் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு ஏறி வருவார். சுவரில் சரியாகத் தொங்குகிற காலண்டரை இன்னும் சரியாக்குவார்.

"இந்த மனுசன் ஒரு நாள் என்னையும் கழட்டிப் பூட்டிப் பாக்கப் போறாரு" என்பாள் அவர் மனைவி செசிலி.

அவர் தெமோதரைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில் கடைசி ஒன்றில் பிறந்தவர். 1973இல், பதினாறாவது வயதில், தேயிலைக் கன்று வளர்க்கும் தவறணையில் வேலைக்குச் சேர்ந்தார். 1986இல் தவறணைக் கங்காணி ஆனார். 2017இல் ஓய்வு பெறும்வரை அந்தத் தவறணைப் பந்தலுக்குக் கீழே அவர் கண்படாமல் ஒரு கன்று வெளியே போனதில்லை. தாய்ச்செடியில் ஒரு கொப்பை எடுத்து, ஓர் இலையும் ஒரு கணுவுமாக நறுக்கி, மண் நிரப்பிய பொலித்தீன் பையில் ஊன்றுவது, மேல்மண் காயுமுன் காலையும் மாலையும் பூவாளியால் தண்ணீர் காட்டுவது, இதுதான் வேலை. முப்பத்தொரு வருடத்தில் ஆறு லட்சத்து நாற்பதாயிரம் கன்றுகள் அவர் கையால் மலைக்குப் போயின. ஒரு மலையில்கூட வேற்று இனம் கலந்தது என்று எந்தத் தோட்டத் துரையும் சொன்னதில்லை. தாய் எப்படியோ கன்றும் அப்படி. அதில்தான் அவருடைய பெயர் நின்றது.

செசிலிக்குச் சீனி வியாதி வந்து, மாதம் ஒருமுறை பதுளை ஆஸ்பத்திரி கிளினிக்குக்கு வரவேண்டியதான பிறகு, கொழும்பில் வேலை செய்யும் மகன் ஜெசிந்தன் 2022இல் நகரத்தில் இந்த மேல்மாடியை வாடகைக்கு எடுத்துக்கொடுத்தான். இரண்டு அறை, ஒரு குசினி. கீழே வீட்டுக்காரி நளீரா. துணிக்கடை வைத்திருந்த கணவர் மௌத்தான பிறகு, மகள் ரிஸ்காவோடு இருந்தவர். இந்த வீட்டில் மண் என்று சொல்ல ஒரு பிடியும் இல்லை. முற்றம் முழுக்கச் சிமெந்து.

2024 மார்ச் இரண்டாம் தேதி, சனிக்கிழமை, நளீரா கட்டாருக்குப் புறப்பட்டார். அங்கே மகன் ஷிபானின் மனைவிக்குப் பேறுகாலம். ரிஸ்கா அப்போது கண்டியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். கீழ் வீட்டைப் பூட்டுமுன் நளீரா ஒரு சட்டியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு மேலே வந்தார்.

"யேசு அண்ணன், இத உங்களை நம்பித்தான் வெச்சிட்டுப் போறேன்."

வாள் போல நிமிர்ந்து நின்ற ஒன்பது இலைகள். கரும்பச்சையில் சாம்பல் வரி. இரண்டு ஓரத்திலும் புடவைக்குக் கரை போட்டது போல மஞ்சள். ஊரில் பாம்புச் செடி என்பார்கள். நளீராவின் வீட்டில் அதற்கு மஞ்சக்கரை என்று பெயர். அப்புத்தளையில் இருந்த அவருடைய உம்மா, 1992இல் நளீரா கல்யாணமாகிப் பதுளைக்கு வந்தபோது தன் சட்டியிலிருந்து ஒரு பங்கு பிரித்துக் கையில் கொடுத்து அனுப்பியது. அந்த உம்மாவுக்கும் அவருடைய உம்மா அப்படித்தான் கொடுத்தாராம். அந்தக் குடும்பத்தில் பெண் பிள்ளை புதுக்குடித்தனம் போகும்போது நகைப் பெட்டிக்குப் பக்கத்தில் இந்தச் செடியின் பங்கும் போகும். உம்மாவும் மௌத்தாகி, அப்புத்தளை வீடும் கைமாறிவிட்டது. இனி இருப்பது இந்த ஒரு சட்டிதான். ரிஸ்காவுக்கு வெலிமடையில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தது. நளீரா திரும்பி வந்ததும் நிக்காஹ்.

"ரெண்டு கிழமைக்கு ஒருக்கா ஒரு கோப்பைத் தண்ணி. அவ்வளவுதான். வெயில்ல வெக்க வேணாம். மத்தப்படி அது பாட்டுக்கு ஈக்கும். ஒண்டும் செய்யத் தேவல்ல."

"நீங்க நிம்மதியாப் போய்ட்டு வாங்கம்மா" என்றார் யேசுரத்தினம். "ஆறு லட்சம் கன்னு பாத்த கை இது."

நளீரா போன மறுநாள் காலை அவர் மண்ணைத் தொட்டுப் பார்த்தார். மேலே காய்ந்திருந்தது. மேல்மண் காய்ந்தால் என்ன செய்யவேண்டும் என்பதை அவர் யாரிடமும் கேட்கத் தேவையில்லை. ஒரு கோப்பை ஊற்றினார். மாலையில் மறுபடி தொட்டார். ஓரமாகக் கொஞ்சம் காய்ந்த மாதிரி இருந்தது.

அவருக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது. காலையில் சட்டியைக் கிழக்கு ஜன்னலுக்குக் கொண்டுபோவார். பத்து மணிக்கு வெயில் வந்ததும் உள்ளே இழுப்பார். மதியம் படிக்கட்டுத் தலைப்பில் காற்றுக்கு. மழை வந்தால் ஓடிப்போய்த் தூக்குவார். ஒரு குச்சியால் மண்ணைக் கிளறிவிடுவார். ஈரத்துணியால் இலைகளைத் துடைப்பார். அலுமினியக் கோப்பையால் ஊற்றுவது மனசுக்குப் பிடிக்காமல் கடைவீதிக்குப் போய் ஒரு சின்னப் பூவாளி வாங்கி வந்தார்.

"ரெண்டு கிழமைக்கு ஒருக்கான்னு அந்தம்மா சொன்னது எனக்கே கேட்டுச்சு" என்றாள் செசிலி.

"அவங்களுக்கு என்ன தெரியும்? வேரு இருக்குல்ல, அதுக்குத் தாகம் எடுக்கும்ல?"

"எனக்குந்தான் தாகம் எடுக்குது. எனக்கு ஒரு தேத்தண்ணி போட்டுத் தந்திருக்கீங்களா?"

ஏப்ரல் கடைசி வாரத்தில் வெளிப்பக்கத்து இலை ஒன்று லேசாகச் சாய்ந்தது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து அன்று மாலை ஒன்றரைக் கோப்பை ஊற்றினார். இருபத்தொன்பதாம் தேதி காலையில் அந்த இலையை நிமிர்த்தப் போனார். அது கையோடு வந்துவிட்டது. அடிப்பக்கம் வேகவைத்த கத்தரிக்காய் மாதிரி குழைந்து, அழுகல் வாடை வீசியது. சட்டியைக் கவிழ்த்தார். கிழங்கு முழுதும் கூழ். ஏழு இலை அடியோடு போய்விட்டது. இரண்டு இலையில் மட்டும் மேல் பாதி கெட்டியாக இருந்தது.

செசிலி வந்து எட்டிப் பார்த்தாள். "அந்தம்மாட்டச் சொல்லிருங்க" என்றாள்.

"என்னத்தச் சொல்றது? இலை இருக்குல்ல. கட்டிங் வைக்கிறேன். வர்றதுக்குள்ள பத்து செடியாக்கிக் குடுக்கிறேன் பாரு."

அன்று மாலை அவர் முகம் தெளிந்துவிட்டது. பழைய கவ்வாத்துக் கத்தியைத் தீட்டினார். கெட்டியான இரண்டு பாதியையும் மூன்று விரல் நீளத் துண்டுகளாகப் பதினொன்று நறுக்கினார். எது மேல், எது கீழ் என்று மாறிவிடாமல் ஒவ்வொன்றின் கீழ்ப்பக்கத்திலும் சின்னச் சாய்வு வெட்டு வைத்தார். தெமோதரைக்கு பஸ் ஏறிப்போய் ஒரு பை நிறையத் தவறணை மண் கொண்டுவந்து சலித்தார். பதினொரு பொலித்தீன் பை, பதினொரு துண்டு. பூவாளியைச் செசிலி பறித்துத் தன் துணிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டாள். இனித் தண்ணீர் அவள் கணக்கு. அதிலும் எட்டுத் துண்டு அழுகின. மூன்று நின்றன.

நளீரா மூன்று மாதத்தில் வருவதாகப் போனவர். குழந்தை குறைமாதத்தில் பிறந்துவிட, பராமரிப்புக்கு ஆள் வேண்டுமென்று தங்கிவிட்டார். வெள்ளிக்கிழமைகளில் வாட்ஸ்அப்பில் பேசுவார்.

"என்ட மஞ்சக்கரை எப்பிடி ஈக்கு?"

"நல்லா இருக்குங்கம்மா."

"ஒரு போட்டோ அனுப்புங்களேன்."

"போன்ல கேமரா மங்கிப் போச்சுங்க. பையன் வந்துதான் பாக்கணும்."

போனை வைத்துவிட்டு அவர் செசிலியின் பக்கம் திரும்பவில்லை. ஜன்னலைத் திறந்தார், மூடினார். நாற்பத்து நாலு வருடம் தோட்டத்தில் வேலை செய்து காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் ஒருநாள்கூட வராதவருக்குப் பொய்ப்பேர் கொடுக்காத மனிதர் அவர். இப்போது வெள்ளிக்கிழமை என்றால் காலையிலேயே போனைக் கவிழ்த்து வைத்தார்.

செப்டெம்பர் நடுவில் ஒரு பையில் மண்ணைக் கீறிக்கொண்டு ஊசிபோல ஒரு குருத்து வந்தது. ஒக்டோபருக்குள் மூன்றிலும் வந்துவிட்டது. யேசுரத்தினம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். பச்சை, சாம்பல் வரி. ஓரத்தில் ஒன்றும் இல்லை. மறுநாள் பார்த்தார். அதற்கு மறுநாளும் பார்த்தார். இலை விரல் நீளம் ஆனது, சாண் நீளம் ஆனது. ஓரம் பச்சையாகவே இருந்தது.

"இளசுல்ல. முத்துனா கரை வரும்."

"முத்துனா வர்றதுக்கு அது என்ன நரையா?" என்றாள் செசிலி.

"தாய்ல இருந்தா கன்னுல வந்துதானே ஆகணும்? நான் பாக்காத கட்டிங்கா?"

வெயில் போதாதோ என்று ஒரு பையை வெயிலில் வைத்தார். வெயில் கூடிவிட்டதோ என்று எடுத்தார். ஒரு பையை அலுமாரிக்குப் பக்கத்தில், ஒன்றைக் குசினியில் வைத்தார். நாளுக்கு எத்தனை தடவை பார்த்தார் என்று செசிலி ஒருநாள் எண்ணினாள். இருபத்து மூன்று. அதற்குமேல் அவள் எண்ணவில்லை.

நளீரா நவம்பர் பத்தொன்பதாம் தேதி வருவதாக அழைத்துச் சொன்னார். டிசெம்பர் எட்டு, ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ். "வந்ததும் முதல் வேலை அதப் பிரிச்சு ரிஸ்காக்குப் புதுச் சட்டியில வெக்கணும். நீங்கதான் கை வெச்சுத் தரணும், யேசு அண்ணன்."

பத்தாம் தேதி ஞாயிறு, பூசைக்குப் போகாமல் அவர் பண்டாரவளை பஸ்ஸில் ஏறினார். சந்தை ஓரத்தில் பூக்கன்று விற்கும் நிஷாந்தினி என்ற பெண் கறுப்புப் பைகளை வரிசையாக அடுக்கி வைத்திருந்தாள். அந்த வரிசையில் ஒரு மஞ்சக்கரை நின்றது. அவர் தன் பையிலிருந்து ஒரு கன்றை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார்.

"இதுக்குக் கரை எப்ப வரும்மா?"

அவள் ஒரு பார்வை பார்த்தாள். "இலைய வெட்டி வச்சீங்களா, ஐயா?"

"ஆமா."

"அப்ப வராதுங்க. இது சாகிறவரைக்கும் பச்சைதான். கெழங்கோட பிரிச்சு வச்சாத்தான் கரை நிக்கும்."

"அது எப்படி? அதே செடியோட இலைதானே? நான் முப்பத்தோரு வருசம் தவறணையில கங்காணி. தாய்ச்செடி எப்படியோ கட்டிங்கும் அப்படித்தான். ஒண்ணுகூட மாறினதில்ல."

"தேயிலைக்குச் சரிங்க. இது தேயிலையா? போன வருசம் நானே நூறு துண்டு வெட்டி வச்சிட்டு உக்காந்து அழுதேன். வெட்டுற எடத்துல புதுசா ஒண்ணு பொறக்குது. அதுக்கு அந்த மஞ்ச தெரியாது. அவ்வளவுதான்."

யேசுரத்தினம் தன் கன்றை எடுத்துப் பைக்குள் வைத்தார். சனம் இடித்துக்கொண்டு போனது. முப்பத்தொரு வருடம் அவரைத் தாங்கி நின்ற ஒன்று பிசகிவிட்ட மாதிரி இருந்தது. திரும்பிப் பத்தடி நடந்தார். பிறகு வந்து அந்த மஞ்சக்கரையை வாங்கிக்கொண்டார். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தவர், தெரிந்தவர்கள் ஏறுகிற தெமோதரை தாண்டும்வரை அதன்மேல் சால்வையைப் போட்டு மூடியிருந்தார்.

அவர் அதை நளீராவின் சட்டியில் மாற்றி வைப்பதைச் செசிலி குசினி வாசலில் நின்று பார்த்தாள்.

"இது யாரு வீட்டுப் புள்ள?"

"செடின்னா செடிதான். இலையும் ஒண்ணு, கரையும் ஒண்ணு."

"அப்ப எதுக்கு ஜன்னல மூடிட்டுச் செய்றீங்க?"

அந்த ஒன்பது நாளும் அவர் ஓரிடத்தில் ஐந்து நிமிடம் உட்காரவில்லை. சாப்பாட்டுத் தட்டோடு எழுந்து நடந்தார். செபமாலை பாதியில் நின்றது. கேட்டின் பூட்டை ஒருநாள் எண்ணெய் போட்டுக் கழுவினார்.

பத்தொன்பதாம் தேதி மாலை நளீரா வந்தார். பயணக் களைப்போடு மேலே ஏறி வந்து சட்டியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"மாஷா அல்லாஹ்! என்னய விடவும் நல்லா வெச்சீக்கிறீங்க!"

பேரீச்சம்பழப் பெட்டி ஒன்றையும், செசிலிக்கு ஒரு கம்பளிச் சால்வையையும் கொடுத்துவிட்டுச் சட்டியைக் கீழே கொண்டுபோனார். பேரீச்சம்பழப் பெட்டி பிரிக்கப்படாமல் மேசைமேல் கிடந்தது.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு நளீரா கீழிருந்து கூப்பிட்டார். முன்னறையில் உட்கார்ந்து ஒவ்வோர் இலையாகத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"யேசு அண்ணன், இதுல ஒரு இலையில நுனி பிஞ்சி ஈந்திச்சே. ஷிபான் சின்னத்துல கடிச்சது. அதக் காணல்ல?"

சொல்வதற்குப் பதில் தயாராக இருந்தது. அந்த இலை பழுத்துக் காய்ந்துவிட்டது, எடுத்துப் போட்டேன் என்றால் முடிந்துபோகும். பழைய இலை பழுப்பது வழக்கம்தான். நளீரா மறுபேச்சுப் பேசமாட்டார். யேசுரத்தினம் வாயைத் திறந்தார். வாசல்வரை நடந்தார். திரும்பி வந்தார்.

"அம்மா, இது உங்க செடி இல்லைங்க."

நளீராவின் கை துணியோடு நின்றது.

"உங்களுது செத்துப் போச்சு. ஏப்ரல்லயே. நாந்தான் கொன்னேன். இது பண்டாரவளையில வாங்குனது. போன்ல சொன்னதெல்லாம் பொய்."

நளீரா துணியை மடித்து மடியில் வைத்தார்.

"ரெண்டு கிழமைக்கு ஒரு கோப்பை எண்டு சென்னேன்தானே?"

"ஆமாங்க."

"எத்தன கோப்பை ஊத்தினீங்க?"

"அம்பத்தேழு நாளுங்க. தெனம் காலையில ஒண்ணு, சாயந்தரம் ஒண்ணு. ஒரு நாள் மட்டும் அரைக் கோப்பை கூட."

"யா அல்லாஹ்! மனுசன், நீங்க செடி வளத்தீங்களா, மீன் வளத்தீங்களா?"

தன்னை அறியாமல் நளீராவுக்குச் சிரிப்பு பீறிட்டது. சிரித்த வாயை முந்தானையால் பொத்தினார். பொத்திய கையை எடுத்தபோது சிரிப்பு இல்லை. அவர் மஞ்சக்கரைச் சட்டியைத் தன்னிடமிருந்து ஒரு முழம் தள்ளி வைத்தார்.

"என்ட உம்மா கையால பிரிச்சுத் தந்தது."

"உங்க இலையில இருந்து மூணு கன்னு இருக்குங்கம்மா. ஆனா கரை வரல. இனி வராதாம்."

"கரை இல்லாட்டி அது என்ன மஞ்சக்கரை?" என்றார் நளீரா. "இதக் கொண்டுபோங்க. கடையில வாங்கின சாமான் எனக்கு வேணாம்."

யேசுரத்தினம் அதைத் தூக்கிக்கொண்டு படியேறினார். புதன் போனது. வியாழன் போனது. கீழிருந்து ஒரு சத்தமும் இல்லை. முன்னெல்லாம் மாலையில் படியில் ஒரு கிண்ணம் கறி வரும், அதுவும் வரவில்லை. யேசுரத்தினம் இறங்கிப்போய்ப் பேசிவிட்டு வருகிறேன் என்று பதினெட்டுத் தடவையாவது எழுந்திருப்பார். "சொல்ல வேண்டியதச் சொல்லியாச்சு. இனி அந்தம்மாவைச் சும்மா விடுங்க" என்று செசிலி மறித்தாள். செடியைவிட இது கஷ்டமாக இருந்தது. செடியையாவது தொட்டுப் பார்க்கலாம்.

சனிக்கிழமை மதியம், கண்டியிலிருந்து முதல்நாள் வந்திருந்த ரிஸ்கா மேலே வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு ஜன்னல் பக்கம் போனாள். மூன்று பச்சைக் கன்றுகளும் வரிசையாக இருந்தன.

"உம்மா இன்னும் கோவமாம்மா?" என்றார் யேசுரத்தினம்.

"கோவந்தான். நேத்து ராத்திரி மீன் கதையச் செல்லிச் செல்லிச் சிரிச்சாங்க. பொறகு அழுதாங்க. அங்கிள், இது உம்மம்மாட செடி இலையில இருந்து வந்ததுதானே?"

"ஆமாம்மா. அதுல பொய்யில்ல."

"அப்ப எனக்கு ஒண்டு தாங்க."

அவர் பரபரவென்று நடுவில் இருந்த பெரிய கன்றை எடுத்தார். "இதான் நல்ல வேரு புடிச்சது. நிமிந்து நிக்குது பாரு."

ரிஸ்கா ஓரத்தில் சற்றுச் சாய்ந்து நின்ற சின்னதைத் தூக்கிக்கொண்டாள். "எனக்கு இதுதான் வேணும்."

"அது சாஞ்சிருக்கேம்மா. இரு, மண்ண அமுத்தி ஒரு குச்சி குடுத்துத் தர்றேன். அடியில கொஞ்சம்..."

"அங்கிள், கைய எடுங்க."

செசிலி குசினிக்குள்ளிருந்து சிரித்தாள். யேசுரத்தினம் கையை எடுத்து முதுகுக்குப் பின்னால் ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டார். ரிஸ்கா இறங்கிப் போனாள். அவர் படிக்கட்டுத் தலைப்புவரை போய் நின்றார்.

கீழே நளீராவின் குரல் கேட்டது. "எதுக்கு இதக் கொண்டு வந்த? நான்தான் வேணாமெண்டு சென்னேனே."

ரிஸ்கா ஏதோ சொன்னாள். காதில் விழவில்லை. ஒரு நாற்காலி இழுபட்டது. யேசுரத்தினத்தின் வலது கால் தானாக முதல் படியில் இறங்கியது.

"இறங்கிறாதீங்க" என்றாள் செசிலி உள்ளேயிருந்து, மெதுவாக.

கீழிருந்து நளீராவின் குரல் மறுபடி வந்தது. இந்தத் தடவை கொஞ்சம் தணிந்திருந்தது.

"அந்த அலுமாரிக்குப் பக்கத்துல வை. வெயில் படாம. வெலிமடைக்குப் போறவரைக்கும் ஒருத்தரும் அதுக்குத் தண்ணி ஊத்தப்படாது, விளங்கிச்சா? மேல ஈக்கிறவருக்கும் செல்லு."

யேசுரத்தினம் படியில் வைத்த காலை மேலே எடுத்துக்கொண்டார்.